தஞ்சைப் பண்டிதரும் தீவகத்து இசையும்

(ஊர்காவற்றுறைப் பகுதியில் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இசை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றார்கள். பொருளோ பெரிது, தரப்பட்ட நேரமோ சிறிது. ஆகவே, கடலை அளக்கப் புகாமல், ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கொண்டு பேச எண்ணுகின்றேன். அவர் பிறப்பால் கிறித்தவர், தொழிலால் முதலில் ஆசிரியர், பின்னர் மருத்துவர், விருப்பத்தால் உழவர். ஆயினும் தமிழ் இசை வரலாற்றிலே அவர் பெயரைச் சொல்லாமல் எவரும் அப்பால் நகர முடியாது. அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தீவகத்து மண்ணில் நின்றுகொண்டு தஞ்சையைப்பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தஞ்சை நமக்குத் தூர தேசமன்று. பாய்மரத் தோணிகள் ஓடிய காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையே நெல்லும் ஓடும் மரமும் மட்டுமா போய் வந்தன? பாட்டும் வந்தது, பாடுவோரும் வந்தனர். நமது கோயில்களின் திருவிழாக்களுக்குத் தஞ்சை நாட்டு நாதசுர வித்துவான்கள் வந்து வாசித்ததையும், அவர்கள் வாசிப்பைக் கேட்டே நம்மவர் பலர் தம் கலையை வளர்த்ததையும் முதியோர் அறிவர்.

இன்னுமொரு காரணமும் உண்டு. ஆபிரகாம் பண்டிதர் பிறந்த நாள் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2. இந்த ஊரின் கரம்பனிலே தோன்றி, தமிழின் புகழை உலகெங்கும் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகளார் பிறந்த நாள் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2. ஐம்பத்துநான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நாளிற் பிறந்த இருவரும் கிறித்தவர், இருவரும் ஆசிரியர், வெளி உலகத்துக் கல்வியைத் தமிழின் பணிக்குத் திருப்பியவர்கள். தற்செயல் ஒற்றுமைதான். ஆயினும் நினைத்துப் பார்க்க இனிக்கின்ற ஒற்றுமை.

பள்ளியும் மலையும் தோட்டமும்

திருநெல்வேலிச் சீமையில் சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரிலே பிறந்தவர் பண்டிதர். பிறப்பிடம் எளியது. இசையரங்குகளில் முன்வரிசை தருகின்ற குலமும் அன்று அவருடையது. திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். அந்த ஊரில் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்தில் நாட்டம் கொண்டு சுருளி மலைப் பக்கம் சென்றவர், கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரைக் குருவாகக் கொண்டார். ஒரு கிறித்தவ இளைஞர் மலையில் வாழும் சித்தரின் காலடியில் அமர்ந்து கற்றார். தாம் பின்னாளில் நடத்திய மருந்துச்சாலைக்கும், எழுதிய நூலுக்கும் அந்தக் கருணையின் பெயரையே சூட்டினார். அவர் விசுவாசம் அதனாற் குறைந்துவிடவில்லை. இதனை நம் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சைக்கு வந்து ஆசிரியராய் இருந்து, பின் மருத்துவத்தையே முழுத்தொழிலாக மேற்கொண்டார். செல்வம் பெருகிற்று. நகருக்கு வெளியே பெருந்தோட்டம் ஒன்றை உண்டாக்கினார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது. இத்துணை வசதி வாய்த்த மனிதர் மாளிகை கட்டி ஓய்ந்திருக்கலாம். இவரோ ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டார். வயலினும் வீணையும் பயின்றார்; மேனாட்டு இசையையும் அதன் எழுத்துமுறையையும் முறையாகக் கற்றார்; தேவாலயத்துப் பாட்டையும் கீர்த்தனையையும் ஒரே காதாற் கேட்கப் பழகினார்.

அவருக்கு வாய்த்த ஊரும் அத்தகையது. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோசியின் அவையிலே மேனாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. கருநாடக இசைவாணரும் இருந்தனர். முத்துச்சாமி தீட்சிதரின் தம்பி பாலுச்சாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதனை நம் இசைக்கு ஆக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனை மேலும் வளர்த்தார். அதே மன்னரோடு இளமையிற் பயின்ற வேதநாயக சாத்திரியார் கருநாடக மெட்டுகளிலே கிறித்தவப் பாடல்களைப் பாடினார். பலநாட்டு ஆறுகள் கலந்த அந்தத் துறையிலேதான் பண்டிதர் இறங்கி நீராடினார்.

மாணவருக்கு விளங்காத பாட்டு

பண்டிதரை ஆராய்ச்சியாளர் என்றே பலரும் கொண்டாடுகின்றனர். அவர் ஆசிரியராய் இருந்தவர் என்பதனாலேயே ஆராய்ச்சியாளர் ஆனார் என்பது என் கருத்து.

இசை பயிலும் தமிழ்ப் பிள்ளை சரளி வரிசை முடித்துக் கீதத்துக்கு வந்தவுடன் தனக்கு விளங்காத மொழியைப் பாட வேண்டியிருந்தது. தெலுங்கு இனிய மொழி; தியாகராசர் பெருமகான்; அவற்றில் ஐயமில்லை. ஆனால், பொருள் தெரியாமல் வாய் மட்டும் பாடுகின்ற பிள்ளையின் உள்ளத்தில் இசை எப்படி வேர்கொள்ளும்? இந்தக் கேள்வி எழுந்தபோது பண்டிதர் பிறமொழியை வைது கொண்டிருக்கவில்லை. தாமே உட்கார்ந்து கீதங்களும் சுரசாதிகளும் கீர்த்தனைகளுமாகத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைத் தமிழில் இயற்றிச் சுரக்குறிப்போடு 1907இல் அச்சிட்டார். கருணாமிர்த சாகரத் திரட்டு என்பது அதன் பெயர். தமிழ் இசை இயக்கத்தின் முதற்பெரும் மாநாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியது 1941இல். சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்தது 1943இல். அவற்றுக்கு ஒரு தலைமுறை முன்னரே, ஆரவாரம் எதுவுமின்றி, பாடநூல் வடிவிலே அந்த வேலையை ஒருவர் தொடங்கிவிட்டார்.

பன்னிரண்டும் இருபத்துநான்கும்

பாடம் சொல்லப் புகுந்தவருக்கு அடுத்த கேள்வி பிறந்தது. ஒரு தாயியில், அதாவது சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரையில், சுருதிகள் 22 என்று சாத்திரம் சொல்லிற்று. வித்துவான்களும் அவ்வாறே சொன்னார்கள். ஆனால் அவை எவை, எங்கே நிற்கின்றன என்று பாடியும் மீட்டியும் காட்டச் சொன்னால் ஒருவர் காட்டியது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் காட்ட முடியாததை மாணவர் எவ்வாறு கற்பர்?

விடை தேடிய பண்டிதர் சிலப்பதிகாரத்துக்குச் சென்றார். உ. வே. சாமிநாதையர் அதனை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சேற்றியது 1892இல். அரங்கேற்று காதையிலும் உரைகளிலும் ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் சொற்கள் கிடந்தன. புலவர் பலருக்கு அவை வெறுஞ் சொற்களாய் இருந்தன. இசையறிந்த புலவர் ஒருவர் கையில் அவை கணக்காக மாறின. ஆயப்பாலையிற் பன்னிரண்டு; வட்டப்பாலையில் இருபத்துநான்கு; அடுத்தவற்றில் நாற்பத்தெட்டும் தொண்ணூற்றாறும் என்று அவர் பிரித்துக் காட்டினார்.

கணக்கென்றவுடன் அஞ்ச வேண்டா. சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. சட்சத்துக்குப் பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்கு மறுபடி பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு தாயி கடந்து மறுபடியும் சட்சத்திலே வந்து நிற்க வேண்டும். ஏழு தாயிக்கு 128 மடங்கு. பன்னிரண்டு பஞ்சமங்களைப் பெருக்கினால் வருவதோ ஏறத்தாழ 129.75. வட்டம் மூடவில்லை, ஒரு மயிரிழை மிச்சமாகின்றது. அந்த மிச்சத்தை என்ன செய்வது? மேனாட்டார் அதனைப் பன்னிரண்டு வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தனர். பண்டிதரோ, வட்டம் மூடும் என்பதே சிலப்பதிகாரத்துப் பன்னிரு இராசிகளின் கருத்து என்றும், சமமாகப் பங்கிடும் முறை நம் முன்னோர்க்குத் தெரிந்ததே என்றும் வாதிட்டார். இளங்கோவடிகளின் யாழும் ஐரோப்பியரின் பியானோவும் அவருடைய மேசையிலே ஒன்றையொன்று சந்தித்தன. கலப்பிசை என்று இன்று பலர் சொல்கின்றார்கள். கலப்பின் அடித்தளத்தையே கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்த மனிதர் அவர்.

தம் முடிவைத் தாமே பாராட்டிக்கொண்டு அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைக் கூட்டினார். வித்துவான்களையும் அறிஞர்களையும் பல இடங்களிலிருந்து வரவழைத்து, தம் செலவிலேயே மாநாடு பல நடத்தி, என் கருத்து இது, மறுப்பவர் எழுந்து மறுக்கலாம் என்றார். 1916இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபோது அங்குஞ் சென்றார். அவர் சொல்லால் நிறுவியதை அவருடைய புதல்வியர் வீணையிலே இசைத்துக் காட்டினர். நற்குடிப் பெண்கள் சபையில் இசைப்பதா என்று முகஞ் சுளித்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1917இல், தாம் நிறுவிய அச்சகத்திலேயே, ஆயிரத்து முந்நூறு பக்கங்களைக் கடந்த கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியை இரண்டாம் புத்தகமாக 1946இல் வெளிக்கொணர்ந்தவர் அவர் மகள் மரகதவல்லி அம்மையார்.

மறுத்தவரும் நம்மவரே

அவர் சொன்ன யாவும் நிலைத்துவிட்டனவா? இல்லை. கடல்கொண்ட குமரிக் கண்டத்தைப்பற்றி அவர் எழுதிய பகுதியை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. இருபத்துநான்கு சுருதி என்னும் முடிவையும் பலர் ஏற்கவில்லை. மறுத்தவர்களுள் தலையாயவர் யார்? ஈழநாட்டின் கிழக்குக் கரையில், காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார்!

விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்ற துறவி. யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர். அவரும் அதே அரங்கேற்று காதையைத்தான் எடுத்தார். பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். அலகுகள் 22 என்றே அவர் கணக்கு முடிந்தது. 1947 ஜூனிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், பழைய யாழ்களை மறுபடியும் உருவாக்கிக் காட்டி, யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார்.

ஒரே காப்பியத்தை ஒரு கிறித்தவரும் ஒரு சைவத் துறவியும் படிக்கின்றனர். ஒருவர் 24 என்கிறார், மற்றவர் 22 என்கிறார். யார் சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அறிஞரிடையே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இருவரும் தம் முடிவைக் கணக்கோடு வைத்தனர். பிறர் சோதித்துப் பார்க்க இடந்தந்தனர். மதத்தைக் காட்டி ஒருவரை மற்றவர் ஒதுக்கவில்லை. தமிழில் இப்படி ஒரு வழக்கு நடந்ததே தமிழுக்குப் பெருமை.

தீவகத்தின் செல்வம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்முடைய தீவகத்திலே எத்தனை இசைகள் ஒன்றையொன்று கேட்டு வாழ்கின்றன என்பதை நாமே எண்ணிப் பார்த்ததில்லை. நயினாதீவிலே ஆனி மாதத் திருவிழாவில் நாகபூசணி அம்மன் வீதியுலா வரும்போது நாதசுரமும் தவிலும் கடற்காற்றிலே கலக்கின்றன. கூப்பிடு தூரத்தில் நாகதீப விகாரையிலே பிரித் ஓதுகின்றனர். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களிலே தவக்காலத்தில் பசானும் ஒப்பாரியும் எழுகின்றன. நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலே எழுதிய வியாகுலப் பிரசங்கம் அந்த மரபுக்கு உயிரூட்டிற்று. மெலிஞ்சிமுனை போன்ற ஊர்களிலே நாட்டுக்கூத்து இன்னும் நினைவிலிருக்கின்றது. நெடுந்தீவைச் சார்ந்த கச்சதீவிலே அந்தோனியார் திருவிழாவின்போது இரு கரைத் தமிழரும் ஒரே பாட்டைப் பாடுகின்றனர்.

இந்தக் கூத்துப் பாட்டைக் கூர்ந்து கேளுங்கள். கதை ஐரோப்பியப் புனிதருடையது. விருத்தமும் தருவும் தமிழ். அடவும் தாளமும் இந்த மண்ணுடையவை. பின்னணியிலே சுதி பிடிப்பது மேனாட்டுக் காற்றுப்பெட்டியிலிருந்து பிறந்த ஆர்மோனியம். பண்டிதர் மேசையில் வைத்துக் கணக்கிட்டதை நம் அண்ணாவிமார் களரியிலே ஆடிப் பார்த்துவிட்டார்கள்!

ஆயினும் நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? கூத்துப் பாட்டுச் சங்கீதமாகுமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கருநாடக இசை எங்களுடையதன்று என்று மற்றொரு சாரார் ஒதுங்குகின்றனர். ஆர்மோனியம் அந்நியப் பெட்டி என்பார் ஒருவர். அகில இந்திய வானொலியே 1940இல் அதனை விலக்கி வைத்து, மூன்று பதிற்றாண்டுகள் கழிந்த பின்னரே கதவைத் திறந்தது. அன்று வயலினையும் எவராவது அவ்வாறு விலக்கியிருந்தால் இன்றைய கச்சேரிக்குத் துணை எது? வெளியிலிருந்து வந்த கருவி நம் பண்ணைப் பேசக் கற்றுக்கொண்டால் அது நம்முடையது. நம் பிள்ளையே நம் பண்ணை மறந்துவிட்டால் அவன் கையிலுள்ள வீணையும் அந்நியப் பொருளே!

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். இசையை விரும்பிய நாம் இசைப்போரை மதித்தோமா? வீதியிலே மணிக்கணக்காக நின்று நாயனம் வாசித்தவருக்கு வீட்டுத் திண்ணையிலே இருக்கை கொடுக்க மறுத்த சமூகம் நம்முடையது. கூத்தாடி என்பதை வசைச் சொல்லாக்கியதும் நாமே. இசையரங்கின் முன்வரிசைக்குப் பிறந்திராத பண்டிதர், தம் பொருளையும் அறிவையும் கொண்டு அந்த அரங்கையே தம் வாசலுக்கு வரவழைத்தார். அவர் பெயரைச் சொல்லி விழா எடுக்கின்றவர்கள் இதையுஞ் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆசிரியரே அச்சாணி

மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்ல வந்த இளங்கோவடிகள் முதலில் யாரை நிறுத்துகிறார்? ஆடலாசானை, இசையாசிரியனை, தண்ணுமை ஆசிரியனை, குழலாசிரியனை, யாழாசிரியனை நிறுத்தி, அவர்கள் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். ஆசிரியர் அமைந்தபின்பே ஆடுபவள் அரங்கேறுகிறாள். கலைஞர் ஒரு தலைமுறைக்கு ஒளி தருவார். ஆசிரியர் அடுத்த தலைமுறைக்கு விளக்கையே ஏற்றித் தருவார்.

மருதனார்மடத்திலே 1960இல் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரிக்குத் தமிழகத்திலிருந்து மகாராசபுரம் சந்தானம் வந்து தலைமை தாங்கினார். அந்தக் கல்லூரி பின்னர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கு பயின்றோர் பலர் பட்டம் பெற்று வருகின்றனர். ஆனால் குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டிய ஊருக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் ஒருவர் மனமுவந்து வருகின்றாரா? வருபவரை நிலைத்திருக்கச் செய்ய நாம் என்ன வசதி செய்திருக்கிறோம்? அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதை உரத்துக் கேட்போம். நாம் செய்ய வேண்டியதையும் செய்வோம்.

1990ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் தீவகத்தின் பல ஊர்கள் ஆளொழிந்தன. மக்கள் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடினர். கூத்துக் கொப்பிகள் கூரையோடு அழிந்தன. போர் 2009இல் முடிந்தது. திரும்பி வந்தோர் சிலர். கடல் கடந்து குடியேறினோர் பலர். வீட்டைத் திருத்தலாம், கிணற்றை இறைக்கலாம். முதிய அண்ணாவியார் ஒருவர் நெஞ்சிலே சுமந்திருந்த மெட்டு அவரோடு மண்ணுக்குள் போய்விட்டால் அதனை எந்தக் கப்பலில் இறக்குமதி செய்வோம்?

மூன்று வேண்டுகோள்

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: உங்கள் கைபேசியை இந்தப் பணிக்குத் திருப்புங்கள். அண்ணாவிமார், பசான் பாடும் தாய்மார், வலை இழுக்கும்போது பாடிய முதியோர், தவில் நாதசுரக் கலைஞர் ஆகியோரைத் தேடிச் சென்று, அவர் பெயரும் ஊரும் கற்றவரின் பெயரும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இந்த வாசிகசாலையிலே அதற்கென ஓர் அலுமாரி ஒதுக்கப்படட்டும்.

இரண்டு: பதிந்ததைச் சுரப்படுத்துங்கள். சங்கீதம் கற்ற பிள்ளை ஒருவரும் கூத்து அறிந்த பெரியவர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு கூத்தின் மெட்டுகளை எழுதிவிடலாம். பண்டிதர் தனியொருவராய் ஆயிரம் பக்கம் எழுதினார். நாம் ஊருக்கு நூறு பக்கம் எழுத மாட்டோமா?

மூன்று: கோவிலிற் பாடும் பிள்ளையும் தேவாலயத்திற் பாடும் பிள்ளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதே மேடையில் ஒருவர் மரபை மற்றவர் பாடிக் காட்டட்டும். தேவாரப் பண் அறிந்த பிள்ளை தருப் பாடட்டும். தருப் பாடும் பிள்ளை பண் பாடட்டும். வெளிநாட்டிலே பியானோ கற்கின்ற நம் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அவர்களையும் அதே மேடையில் அமர்த்துங்கள். தன் வேரை அறிந்தவன் எவ்விசையைக் கலந்தாலும் அவன் கையில் அது பழுதாகாது.

பெரியோர்களே! கருணாமிர்த சாகரத்தை எழுதியவர் எந்த மன்னரின் மானியத்துக்கும் காத்திருக்கவில்லை. மருந்து விற்றுச் சேர்த்த காசு, ஆசிரியத் தொழிலிலே பழகிய பொறுமை, தமிழின்மீது கொண்ட பற்று ஆகிய மூன்றே அவர் முதல். காசு குறைந்தாலும் மற்ற இரண்டும் நம்மிடம் உண்டு. அவற்றைக் கொண்டு வரும் ஆகஸ்ட் 2க்குள் முதற்பதிவைச் செய்து முடிப்போம். பண்டிதருக்கும் அடிகளாருக்கும் ஒரே நாளில் அதனைக் காணிக்கையாக்குவோம்.

வாழ்க தமிழிசை!